மூக்கு, சைனஸ் அறுவைக்கு வேலூர் போகிறீர்களா? டாக்டரைத் தேர்ந்தெடுப்பது முதல் மூக்கு கழுவுவது வரை

எனக்கு மூக்கில் இரண்டு முறை அறுவை நடந்தது. முதல் முறை எதையும் கேட்காமல் போய்ப் படுத்தேன். "மூக்குல சதை வளர்ந்திருக்கு, எடுத்துடலாம்" என்றார்கள், தலையாட்டினேன். ஒன்றரை வருடத்தில் அதே சதை திரும்ப வந்தது. வாசனை அடியோடு போனது. ஒரு காலையில் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறேன், பால் அடிப்பிடித்துக் கருகுகிறது, எனக்குத் தெரியவில்லை. அம்மா கொல்லையிலிருந்து ஓடிவந்து, "இன்னாடா, பக்கத்துலதான நிக்கிற, பால் தீயறது தெரியலயா?" என்று கேட்டபோதுதான் பாத்திரத்தைப் பார்த்தேன்.

இரண்டாவது அறுவைக்கு முன்னால் எட்டு மாதம் அலைந்தேன். அந்த அலைச்சலில் கற்றதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. குடியாத்தத்தில் லுங்கித் தறி வைத்திருக்கும் வீட்டுப்பிள்ளை, பஞ்சுத்தூசியில் வளர்ந்தவன். மருந்து, அளவு எல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு. ஆனால் எதைக் கேட்க வேண்டும், எந்தக் காகிதத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதை நோயாளிதான் நோயாளிக்குச் சொல்ல வேண்டும். முதல் அறுவைக்கே சரியான டாக்டரைத் தேடுங்கள். இரண்டாவது அறுவை, முதலாவதைவிடக் கடினம். ஏன் என்பது 5ஆம் படியில் வரும்.

1. அறுவை தேவையா என்பதை முதலில் தீர்மானியுங்கள்

சைனஸ் என்பது மூக்கைச் சுற்றி முக எலும்புக்குள் இருக்கும் காற்றறை. அதில் வரும் அழற்சியையும் பேச்சில் சைனஸ் என்றே சொல்கிறோம். சளி பிடித்து இரண்டு வாரம் மூக்கு அடைத்திருந்தால் அது நாள்பட்ட சைனஸ் இல்லை. மூக்கடைப்பு, மூக்கிலோ தொண்டைக்குள்ளோ சளி ஒழுகுவது, முகத்தில் அழுத்தம், வாசனை குறைவது ஆகியவற்றில் குறைந்தது இரண்டு இருந்து, 12 வாரம் தாண்டியும் விடாமல் இருந்தால்தான் நாள்பட்டது என்பார்கள். அப்போதும் முதலில் மருந்துதான்: ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே, உப்பு நீரில் மூக்கு கழுவுவது, தேவைப்பட்டால் மாத்திரை. ஒழுங்காக இரண்டு மூன்று மாதம் செய்து பார்த்த பிறகும் பயனில்லை என்றால்தான் அறுவைப் பேச்சு. முதல் நாளே தேதி குறிக்கிறார்கள் என்றால் இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள். கண் வீக்கம், பார்வைக் கோளாறு போன்ற அவசர நிலை மட்டும் இதற்கு விலக்கு.

இங்கே மூன்று பொறிகள் உண்டு.

முதலாவது, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்து. ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் என்று அட்டையில் இருக்கும். போட்ட ஐந்து நிமிடத்தில் மூக்கு திறக்கும். ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் போட்டால் அந்த மருந்தே மூக்கை அடைக்கும். நான் இரண்டு வருடம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். மூக்கின் உள்தசை வீங்கிக் கிடந்ததில் பாதி நானே வரவழைத்தது.

இரண்டாவது, தலைவலி. சளியும் இல்லை, அடைப்பும் இல்லை, நெற்றியும் கன்னமும் மட்டும் வலிக்கிறது என்றால் அது பெரும்பாலும் மைக்ரேன். அதற்கு மூக்கில் கத்தி வைத்துப் பயனில்லை.

மூன்றாவது, ஒரே பக்கத்துக் கோளாறு. ஒரு பக்கத்தில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் மேல் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் இருக்கலாம். பல் டாக்டரிடமும் காட்டுங்கள். ஒரே பக்கம் அடைப்பும் ரத்தமும் சேர்ந்து வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள், கட்டியா என்று பார்த்தாக வேண்டும்.

2. போர்டில் இருக்கும் படிப்பைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

எம்.பி.பி.எஸ். என்பது நாலரை வருடப் படிப்பும் ஒரு வருட ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும். அதன்பிறகு நீட் பி.ஜி. எழுதி இடம் வாங்கி, காது மூக்கு தொண்டையில் மூன்று வருடம் படித்தால் எம்.எஸ். ஈ.என்.டி. அதே மூன்று வருடத்தை அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் பயிற்சியாகச் செய்து தேசியத் தேர்வு எழுதியவர் டி.என்.பி. ஈ.என்.டி. இரண்டும் சமம். மூத்த டாக்டர்கள் சிலர் டி.எல்.ஓ. என்று போட்டிருப்பார்கள், அது இரண்டு வருட டிப்ளமோ. அனுபவத்தில் அவர்களில் கெட்டிக்காரர்கள் உண்டு. எழுத்தைப் பார்த்து யாரையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

ஆக, காது மூக்கு தொண்டை டாக்டர் ஆகவே குறைந்தது எட்டரை வருடம். அதற்கு மேல்தான் மூக்குக்கென்று தனிப் பயிற்சி. ரைனாலஜி ஃபெலோஷிப் என்பார்கள். ஒரு மூத்த அறுவை நிபுணரின் கூடவே இருந்து, மூக்குக்குள் விடும் எண்டோஸ்கோப் குழல் வழியாகச் செய்யும் அறுவைகளைப் பார்த்து, உதவி, பிறகு தானே செய்து பழகுவது. இறந்தவர் உடலில் சைனஸ்களைத் திறந்து பழகும் பயிலரங்குகளும் நடக்கின்றன. ஃபெலோஷிப் இல்லாமலேயே பல வருடம் இந்த அறுவையைச் செய்து கைவந்தவர்களும் இருக்கிறார்கள். அதனால் "ஃபெலோஷிப் இருக்கிறதா" என்பதைவிட "இதைத்தான் அடிக்கடி செய்கிறாரா" என்று கேட்பதே பயன்தரும். சில ஈ.என்.டி. டாக்டர்களுக்குக் காதுதான் கைப்பழக்கம், சிலருக்குத் தொண்டை. மூக்கு அதிகம் பார்ப்பவர் வேண்டும்.

சரிபார்க்கும் வழி: டாக்டரின் மருந்துச் சீட்டில் பதிவு எண் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது விதி. அந்த எண்ணையும் பெயரையும் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கும் இந்திய மருத்துவப் பதிவேட்டில் தட்டிப் பாருங்கள். காசு கிடையாது, ஐந்து நிமிட வேலை.

3. எங்கே போவது என்பதை முடிவு செய்யுங்கள்

வேலூரில் மூன்று வழிகள் இருக்கின்றன.

அரசு வழி: திருவண்ணாமலை சாலையில் அடுக்கம்பாறையில் இருக்கும் வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஓ.பி. சீட்டுக்குக் காசில்லை. காலையிலேயே போய்விடுங்கள். குடியாத்தத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வேலூர் வந்து, அங்கிருந்து பாகாயம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏற வேண்டும்.

சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) வழி: இங்கே ஜெனரல், பிரைவேட் என்று இரண்டு வகை ஓ.பி. உண்டு. பிரைவேட்டில் கட்டணம் கூடுதல், மூத்த டாக்டரைப் பார்க்கலாம். ஜெனரலில் கட்டணம் குறைவு, வரிசை நீளம். இணையத்திலேயே முன்பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரு முறை கொடுக்கும் மருத்துவமனை எண்தான் கடைசிவரை உங்கள் எண், பத்திரமாக வையுங்கள். சீட்டில் எந்த வளாகம் என்று இருப்பதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். ஊருக்குள் ஐடா ஸ்கடர் சாலையில் இருக்கும் பழைய வளாகம் வேறு, 2022இல் திறந்த ராணிப்பேட்டை வளாகம் வேறு. அது கீழ்மின்னலில், சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில், ரத்தினகிரி பக்கம் இருக்கிறது. காட்பாடியில் ரயிலைவிட்டு இறங்கி ஆட்டோ பேசும்போது "சி.எம்.சி." என்று மட்டும் சொன்னால் ஊருக்குள்தான் கொண்டுபோய் விடுவார்கள்.

மூன்றாவது, தனியார் மருத்துவமனைகளும் தனி கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்களும். கிளினிக் டாக்டர் என்றால், அறுவை எந்த மருத்துவமனைத் தியேட்டரில், மயக்க டாக்டர் யார், ராத்திரி ரத்தம் வந்தால் யார் வருவார் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

4. எண்டோஸ்கோபியும் ஸ்கேனும்

டார்ச் அடித்து மூக்குத் துவாரத்தைப் பார்ப்பது மட்டும் போதாது. பென்சில் பருமன்கூட இல்லாத ஒரு குழலை உள்ளே விட்டுத் திரையில் பார்ப்பதுதான் நேசல் எண்டோஸ்கோபி. மரத்துப்போகும் மருந்தை முதலில் அடிப்பார்கள். தொண்டை கசக்கும், கண்ணில் தண்ணீர் வரும், சில நிமிடத்தில் முடிந்துவிடும். பயப்பட ஒன்றுமில்லை.

எக்ஸ்ரேயை வைத்து சைனஸ் அறுவைக்குப் போகாதீர்கள். எனக்கு முதல் முறை நடந்தது அதுதான். அறுவைக்கு வழிகாட்டும் வரைபடம் சி.டி. ஸ்கேன். அதில் கவனிக்க வேண்டியவை:

சளி, காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது எடுக்க வேண்டாம். ஒரு சுற்று மருந்து முடித்த பிறகு எடுத்தால்தான் மருந்துக்கு மசியாதது எது என்று தெரியும்.

எடுக்குமுன் டாக்டரிடம் "எத்தனை மில்லிமீட்டர் வெட்டு வேண்டும், மூன்று கோணமும் வேண்டுமா" என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். வெட்டு என்பது ஸ்கேன் படத்தின் ஒவ்வொரு அடுக்கு. இரண்டாவது அறுவைக்காக நான் முதலில் எடுத்த ஸ்கேனில் வெட்டுகள் தடிமனாக இருந்தன, அறுவையின்போது வழிகாட்டும் நேவிகேஷன் கருவியில் ஏற்ற முடியவில்லை. திரும்ப எடுத்தேன். 3,500 ரூபாய் இரண்டாம் முறை போனது.

பிலிம் மட்டும் வாங்கி வராதீர்கள். டிஸ்க்கும் கேளுங்கள், பென்டிரைவில் ஒரு பிரதியும் எடுங்கள். கர்ப்பமாக இருப்பவர், இருக்கலாம் என்று சந்தேகப்படுபவர் ஸ்கேன் அறைக்குள் போகுமுன் சொல்லிவிட வேண்டும்.

5. டாக்டரிடம் உட்கார்ந்து கேளுங்கள்

இந்தப் படியை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். இரண்டாவது டாக்டர் என் ஸ்கேனைத் திரையில் போட்டு, ஒவ்வொரு வெட்டாக நகர்த்தினார். பேச்சே இல்லை. மூன்று நான்கு நிமிடம் கழித்து நிறுத்தி, பேனா மூடியால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். கண்குழிக்கும் மூக்குக்கும் நடுவில் மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு. "இதுதான் கண்ணுக்கும் சைனஸுக்கும் நடுவுல இருக்கிற சுவர். காகிதம் மாதிரி எலும்பு. வலது பக்கம் பாருங்க, முழுசா இருக்கு. இடது பக்கம் இங்க பாருங்க." இடது பக்கம் ஒரு நெல்மணி அளவுக்கு அந்தக் கோடே இல்லை.

"முதல் அறுவையில போயிருக்கலாம். பிறவியிலேயே இல்லாமலும் இருக்கலாம். அதுக்கு முன்னாடி எடுத்த ஸ்கேன் இருக்கா?"

இல்லை. அறுவையில் என்ன செய்தார்கள் என்ற குறிப்பு? அதுவும் இல்லை. கையில் இருந்தது "பாலிப் எடுக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதிய துண்டுச் சீட்டு. எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்பதும் தெரியவில்லை.

மூக்குக்கு மேலே மூளையைத் தாங்கும் மெல்லிய சல்லடை எலும்பு. பக்கத்தில் கண். பின்னால் ஆழத்தில் இருக்கும் ஸ்ஃபீனாய்டு சைனஸின் சுவரை ஒட்டியே பார்வை நரம்பும், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயும். அறுவை செய்பவர் உள்ளே இருக்கும் எலும்பு மடிப்புகளை அடையாளமாகப் பிடித்துக்கொண்டுதான் இவற்றுக்கு நடுவே வழி போகிறார். முதல் அறுவையில் அந்த அடையாளங்கள் வெட்டுப்பட்டு, தழும்பு மூடிவிட்டால் இரண்டாவது டாக்டர் மைல்கல் பிடுங்கப்பட்ட சாலையில் நடக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் அந்தச் சல்லடை எலும்பின் பள்ளம் வேறு ஆழம். சிலருக்கு 3 மில்லிமீட்டர், சிலருக்கு 8க்கும் மேல். பள்ளம் ஆழமாக ஆக ஆபத்து கூடும். என் டாக்டர் அதையும் அளந்து குறித்துக்கொண்டார். அந்த நிமிடம்தான் இவரிடமே செய்துகொள்வது என்று முடிவெடுத்தேன்.

நீங்கள் கேட்க வேண்டியவை, மரியாதையாக, ஆனால் விடாமல்:

"இந்த அறுவையை மாதத்துக்கு எத்தனை செய்வீர்கள்? ஏற்கெனவே அறுவை ஆனவர்களுக்குச் செய்ததுண்டா?" நல்ல டாக்டர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

"நீங்களே செய்வீர்களா?" போதனை மருத்துவமனையில் பயிற்சி டாக்டர் மூத்தவரின் மேற்பார்வையில் சில பகுதிகளைச் செய்வது வழக்கம், தவறில்லை. மூத்தவர் தியேட்டரில் இருப்பாரா என்பதை மட்டும் உறுதி செய்யுங்கள்.

"எந்தெந்த சைனஸைத் திறக்கப் போகிறீர்கள்? மூக்கின் நடுத்தண்டு வளைவையும் சேர்த்துச் சரி செய்வீர்களா?" நம் ஊரில் "சதை" என்ற ஒரே சொல்லை மூன்றுக்குச் சொல்கிறோம்: பாலிப் (உள்தோல் வீங்கித் தொங்கும் சதை), வீங்கிய டர்பினேட் (மூக்கின் பக்கச் சுவரில் இருக்கும் மடிப்பு), வளைந்த நடுத்தண்டு (இரண்டு துவாரத்துக்கும் நடுவில் இருக்கும் சுவர்). மூன்றுக்கும் அறுவை வேறு, செலவு வேறு. எது என்று எழுதி வாங்குங்கள்.

"எனக்கு என்னென்ன ஆபத்து?" ரத்தப்போக்கு, கண்ணில் காயம், மூளைநீர்க் கசிவு ஆகியவை அரிது, ஆனால் உண்டு. "ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அது பதில் இல்லை.

"திரும்ப வருமா?" பாலிப் உள்ளவர்களுக்கு, அதிலும் ஆஸ்துமாவும் சேர்ந்திருந்தால், திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். அறுவை என்பது மருந்து உள்ளே போவதற்கு வழி திறப்பது. ஸ்ப்ரேயும் கழுவுவதும் அதன்பிறகும் தொடரும். இதை முதல் முறை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ போட்டால் மூச்சிரைக்கும் என்றால் கட்டாயம் சொல்லுங்கள். பாலிப், ஆஸ்துமா, ஆஸ்பிரின் ஒவ்வாமை மூன்றும் சேர்ந்து வரும் நோய் ஒன்று உண்டு, அதற்கு மருத்துவமே வேறு மாதிரி.

6. பைல் தயார் செய்யுங்கள்

பத்து ரூபாய் பிளாஸ்டிக் பைல் ஒன்று போதும். உள்ளே: ஆதார், ரேஷன் கார்டு நகல்கள் நான்கு செட், ஸ்கேன் டிஸ்க், பிலிம், அறிக்கை, பழைய மருந்துச் சீட்டுகள், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, ஒவ்வாமை விவரம், காப்பீட்டுக் காகிதம்.

முன்பு எங்காவது அறுவை நடந்திருந்தால் அந்த மருத்துவமனையில் எழுதிக் கொடுத்து உங்கள் ஆவணங்களைக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நெறிமுறை விதி. ஆனால் மூன்று வருடம் வரைதான் வைத்திருக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. நான் கேட்கப் போனபோது காலம் தாண்டிவிட்டது. நீங்கள் இன்றைக்கே போங்கள்.

7. பணம்: எந்த வழியில் எவ்வளவு

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்: குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, குடும்பத்தினரின் ஆதார் எடுத்துக்கொண்டு உங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய். அது கைக்கு வரவே நாள் பிடிக்கும், அதனால் ஸ்கேனுக்குப் போகும் வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.

"உங்கள் மாவட்டம்" என்பதில் ஒரு சிக்கல். 2019இல் வேலூர் மூன்றாகப் பிரிந்தது. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காட்டில் இருக்கும் என் மச்சானின் ஆதாரில் இன்னும் வேலூர் மாவட்டம் என்றே இருந்தது. அதை நம்பி வேறு மாவட்டத்து அலுவலகத்தில் அரை நாள் நின்றுவிட்டுத் திரும்பினார். முகவரியை முதலில் திருத்திக்கொள்ளுங்கள். கார்டு கைக்கு வந்ததும், உங்கள் அறுவையின் பெயரைச் சொல்லி, அது திட்டத்தில் இருக்கிறதா, அந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறதா என்று மருத்துவமனைக் காப்பீட்டு அறையில் கேளுங்கள். சேர்ந்த பிறகு கேட்பது வீண். பொது மருத்துவச் சந்தேகங்களுக்கு 104.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு): ராணிப்பேட்டை தோல் ஆலைகளிலும் ஆம்பூர் ஷூ கம்பெனிகளிலும் வேலை செய்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து சந்தா பிடித்தம் ஆனால் நீங்களும் குடும்பமும் அதில் அடக்கம். உங்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்திலிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். நேராகத் தனியாரிடம் போய்விட்டுப் பிறகு பில்லை நீட்டினால் சிக்கல். ஓய்வில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியும் உண்டு. அதற்கு மருந்தகச் சான்று தேவை.

தனியார் காப்பீடு: பாலிசியில் "குறிப்பிட்ட நோய்களுக்குக் காத்திருப்புக் காலம்" என்ற பக்கத்தைத் தேடுங்கள். பெரும்பாலான பாலிசிகளில் சைனஸ், மூக்குத் தண்டு வளைவு இரண்டுக்கும் 24 மாதம். நான் பாலிசி எடுத்து 14 மாதம்தான் ஆகியிருந்தது. மறுத்துவிட்டார்கள். அட்மிஷன் நாளன்று கவுண்டரில் நின்று அதைத் தெரிந்துகொண்டேன். அட்மிஷனுக்கு முந்தைய 30 அல்லது 60 நாள் பரிசோதனைச் செலவைத் தரும் பாலிசிகள் உண்டு, அதனால் ஸ்கேன் பில்லை எறியாதீர்கள்.

எதுவும் இல்லாமல் கைக்காசில் செய்த எனக்கு ஆன கணக்கு: டாக்டர் கட்டணம் 500, எண்டோஸ்கோபி 900, ஸ்கேன் 3,500, ரத்தப் பரிசோதனை முதலியவை 2,800, அறுவை, தியேட்டர், அறை எல்லாம் சேர்த்து 86,000, சதையை உறிஞ்சி வெட்டும் டெப்ரைடர் பிளேடுக்குத் தனியாக 9,000, சதைப் பரிசோதனை 1,500, பிறகு நான்கு முறை சுத்தம் செய்ய 2,400. மொத்தம் 1,06,600. வீணான முதல் ஸ்கேன் இதில் சேராது. உங்களுக்கு இது கூடலாம், குறையலாம். ஆனால் "பேக்கேஜ்" என்று சொன்னால் பிளேடு, நேவிகேஷன், சதைப் பரிசோதனை, பிந்தைய சுத்தம் ஆகிய நான்கும் உள்ளே அடக்கமா என்று கேளுங்கள். எனக்கு அந்த 9,000 டிஸ்சார்ஜ் அன்று காலையில்தான் தெரிந்தது.

8. தேதி குறிப்பதும் அதற்கு முந்தைய வாரமும்

இரண்டு வாரம் வேலைக்குப் போகாமல் இருக்கும்படி தேதி குறியுங்கள். மேசை வேலை என்றால் ஒரு வாரம் பத்து நாளில் போகலாம். தறி, தீப்பெட்டி, தோல் வேலை போலத் தூசியும் நெடியும் உள்ள இடம் என்றால் மூன்று வாரமாவது. எனக்குச் சித்திரைக் கடைசியில் அறுவை. வைகாசி முதல் தேதி எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. கூட்டத்தில் இடிபடக்கூடாது, கற்பூரப் புகை கூடாது என்றார் டாக்டர். ஊர்வலத்தில் அம்மனின் சிரசு எங்கள் தெரு வழியாகப் போனபோது மாடியில் நின்று கும்பிட்டேன். வேலூர் வெயிலில் மூக்கு காய்ந்து பொருக்கு கட்டும். முடிந்தால் ஆவணி, புரட்டாசிக்குத் தள்ளுங்கள்.

ரத்த எண்ணிக்கை, ரத்தம் உறையும் நேரம், சர்க்கரை, சிறுநீரகம், ஈ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ் பரிசோதனைகள் எடுத்து மயக்க டாக்டரிடம் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோகிரல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை அறுவைக்கு முன் நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். இதய டாக்டர், மூக்கு டாக்டர், மயக்க டாக்டர் மூவரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். நாட்டு மருந்து, சித்த மருந்து சாப்பிட்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சுருட்டு, பீடி, சிகரெட் அன்றோடு நிறுத்த வேண்டும்.

தூரத்திலிருந்து வருபவர்கள் மருத்துவமனைக்குப் பக்கத்தில் காந்தி ரோடு, பாபு ராவ் தெரு லாட்ஜுகளில் தங்கலாம். டிஸ்சார்ஜ் ஆன பிறகும் ஒரு வாரம் வேலூரிலேயே இருப்பதுபோல் திட்டமிடுங்கள். ராத்திரியில் ரத்தம் வந்தால் பக்கத்தில் இருப்பது நல்லது.

9. அறுவை நாள்

முந்தைய இரவுக்கு மேல் சாப்பாடு கூடாது. எத்தனை மணி முதல் தண்ணீரும் கூடாது என்பதை மயக்க டாக்டர் சொல்வார். பெரும்பாலும் முழு மயக்கம். எனக்கு மூன்று மணி நேரம் ஆனது. கையெழுத்துக் கேட்கும் சம்மதப் படிவத்தை முந்தின நாளே வாங்கிப் படியுங்கள். எந்தப் பக்கம், எந்தெந்த சைனஸ் என்று அதில் எழுதியிருக்க வேண்டும்.

விழிக்கும்போது மூக்கு முழுக்க அடைத்திருக்கும். வாயால்தான் மூச்சு. நாக்கு அட்டை போல் காய்ந்துவிடும். ஈரத்துணியால் உதட்டைத் துடைக்க ஆள் கூடவே இருக்க வேண்டும். மூக்குக்குள் வைத்து அடைத்திருக்கும் பேக்கை மறுநாளோ அதற்கடுத்த நாளோ எடுப்பார்கள். நர்ஸம்மா "மூச்ச இழுத்து வாயால விடுங்கண்ணா" என்று சொல்லிக்கொண்டே இழுத்தார். நெற்றிக்குள்ளிருந்து கயிறு வருவது போல வந்துகொண்டே இருந்தது. பத்து நொடிதான். முடிந்ததும் இரண்டு மூக்கிலும் குளிர்ந்த காற்று ஏறியது. அப்படிக் காற்று போய் எனக்கு வருடங்கள் ஆகியிருந்தன.

10. வீட்டுக்கு வந்த பிறகு

இரண்டு வாரத்துக்கு மூக்கைச் சிந்தக்கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். குனிந்து பாரம் தூக்கக்கூடாது, தண்ணீர்க் குடம்கூடக் கூடாது. இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுங்கள். பிரியாணி, காரக்குழம்பு போல ஆவி பறக்கும் சாப்பாட்டை ஆறவைத்துச் சாப்பிடுங்கள்.

கழுவுவதுதான் பாதி மருத்துவம். டாக்டர் எப்போது ஆரம்பிக்கச் சொல்கிறாரோ அன்றிலிருந்து ஒரு வேளையும் விடாதீர்கள். மருந்துக்கடையில் இதற்கென்றே பாட்டிலும் உப்புப் பொட்டலமும் விற்கிறார்கள். வீட்டில் செய்தால் 240 மில்லி தண்ணீருக்கு அயோடின் சேராத உப்பு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக, ஒரு சிட்டிகை சமையல் சோடா.

தண்ணீரில்தான் பெரிய தவறு நடக்கிறது. போர் தண்ணீர், பாலாற்றுக் குழாய் தண்ணீர் எதையும் அப்படியே மூக்கில் விடாதீர்கள். "கேன் தண்ணிதான, சுத்தம்தான" என்று என் தம்பி கேட்டான். குடிக்கத்தான் அது சுத்தம். வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாத அமீபா மூக்கு வழியாக மூளைக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து, கேரளத்தில் ஆட்களை இழந்திருக்கிறார்கள். எந்தத் தண்ணீரானாலும் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு, மூடி வைத்து, வெதுவெதுப்பாக ஆறிய பிறகு பயன்படுத்துங்கள். பாட்டிலையும் தினம் வெந்நீரில் கழுவிக் காயவையுங்கள்.

தொட்டிமேல் குனிந்து, வாயைத் திறந்து "ஆ" என்று சொல்லியபடி மெதுவாக அழுத்துங்கள். முதல் வாரம் பழுப்பு நிறத்தில் பொருக்கும் ரத்தக் கட்டியும் வரும், அது நல்லது. காது அடைத்தால் அழுத்தத்தைக் குறையுங்கள்.

சுத்தம் செய்யக் கூப்பிடும் தேதிகளைத் தவறவிடாதீர்கள். எனக்கு 7ஆம் நாள், 3ஆம் வாரம், 6ஆம் வாரம், 3ஆம் மாதம். எண்டோஸ்கோப் வைத்து உள்ளே ஒட்டியிருக்கும் பொருக்கையும் தழும்பையும் எடுப்பார்கள். வலிக்கும், உண்மை. ஆனால் அதை விட்டால் திறந்த வழி ஒட்டிக்கொள்ளும். "மூச்சு நல்லா வருது, எதுக்குப் போகணும்" என்று முதல் அறுவைக்குப் பின் நான் போகவே இல்லை.

வாசனை உடனே வராது. ஐந்தாவது வாரம், அம்மா இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை எண்ணெயில் வதக்கும்போது தறிமேட்டில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்தது. எழுந்து அடுப்படிக்குப் போய்ச் சட்டியின் பக்கத்தில் நின்றேன். எல்லோருக்கும் முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது, டாக்டரும் அப்படித்தான் சொன்னார்.

11. இவை வந்தால் நேரம் பார்க்காமல் ஓடுங்கள்

கண் வீங்குவது, பார்வை மங்குவது, இரண்டிரண்டாகத் தெரிவது. குனிந்தால் ஒரு பக்க மூக்கிலிருந்து தெளிந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுவது, தொண்டையில் உப்புக் கரிப்பது. காய்ச்சலோடு கடுந்தலைவலி, கழுத்து விறைப்பு. நிற்காத ரத்தம். லேசாக ரத்தம் கசிந்தால் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து வாயால் மூச்சு விடுங்கள், நிமிர்ந்து விழுங்காதீர்கள். நிற்கவில்லை என்றால் 108. டாக்டரின் அவசர எண்ணை டிஸ்சார்ஜ் அன்றே செல்போனில் பதிந்து, வீட்டில் இன்னொருவர் போனிலும் போட்டுவிடுங்கள்.

12. பைலை மூடுமுன்

டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்தப் பக்கம், எந்தெந்த சைனஸ் திறக்கப்பட்டது, கண்சுவரும் மூளைத்தளமும் எப்படி இருந்தன என்று எழுதியிருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகருமுன் படியுங்கள். இல்லையென்றால் அறுவைக் குறிப்பின் நகலைக் கேளுங்கள். சதைப் பரிசோதனை அறிக்கை சில நாள் கழித்துத்தான் வரும், நீங்கள் போய்க் கேட்காமல் அது வீட்டுக்கு வராது. பூஞ்சை இருக்கிறதா, வேறு ஏதாவது இருக்கிறதா என்பது அதில்தான் தெரியும், அடுத்த மருந்தும் அதை வைத்துத்தான். என்னுடையது ஒன்பதாம் நாள் கிடைத்தது. படம் பிடித்து போனில் ஒன்று, தம்பி போனில் ஒன்று, மூலம் பைலில்.